மைக்செட்காரர் வீட்டு ஓட்டு

மாத்திரையைப் பொடித்து இட்லியோடு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள் ரத்தினாவதி. அப்போதுதான் தெருமுனையில் அன்றைய முதல் பிரச்சார ஆட்டோ திரும்பியது. புருசன் வேலாயுதபெருமாளின் முகம் சட்டென்று சுருங்கியது. மருந்துக் கசப்புத் தெரிந்துவிட்டதோ, துப்பிவிடுவாரோ என்று பதறித் தண்ணீர்த் தம்ளரை எடுத்தாள், அப்புறம்தான் புரிந்தது, கசப்பு இல்லை, ஆட்டோ ஸ்பீக்கர் கீச்சிடுகிறது. பேச்சுப் போய், வலது கை போய், வலது கால் பாதி போய், வாயின் ஒரு ஓரம் வழிந்துகொண்டே இருந்தாலும் இந்த மனுசனுக்குக் காது மட்டும் போகவில்லை. அருப்புக்கோட்டையில் பாதி ஆயுளுக்கு மேல் மைக்செட் வைத்திருந்தவர் காது, லேசில் போகுமா. “எவன் இப்படி ஊளையிட விட்டிருக்கான்னு பாருங்க, நீங்க படுத்ததும் எல்லாப் பயலுக்கும் குளிர்விட்டுப் போச்சு” என்றாள். பாதி வாய் சிரித்தது. சிரிக்கிற பாதியைப் பார்த்தால் பழைய ஆள், மற்ற பாதியைப் பார்த்தால் யாரோ, அவள் எப்போதும் சிரிக்கிற பக்கமாகவே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஆட்டோ வீட்டைத் தாண்டும்போது தாய்மார்களே என்றது, நாங்கள் ஆட்சிக்கு வந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அரசாங்கமே ஏற்கும் என்றது, நேற்று வந்த ஆட்டோ அதிலும் இரண்டு மடங்கு என்றது, இந்த வருசம் எல்லோரும் ஆஸ்பத்திரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். போன தடவை மிக்ஸி, அதற்கு முந்தின தடவை வேறென்னவோ. மிக்ஸியாவது வீட்டுக்கு வந்தது, இன்னும் ஓடுகிறது, காலையில் மாத்திரை பொடித்தது அதில்தான். கடைசி வாயை ஊட்டி, துண்டால் தாடையைத் துடைத்தாள். மத்தியானத்துக்குள் வந்துவிடுவார்கள், வீட்டு ஓட்டு வாங்குகிற ஆட்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீடு தேடி வந்து சீட்டுக் கொடுத்து, ரகசியமாகப் போட வைத்து, கவரில் ஒட்டி எடுத்துக்கொண்டு போவார்களாம். கை வராதவர்களுக்குத் துணையாள் ஒருத்தர் போடலாமாம். துணையாள் என்று அவள் பேரைத்தான் கொடுத்திருக்கிறது, வேறு யார் இருக்கிறார்கள், பிள்ளையா குட்டியா.

துணையாள் அவள்தான் என்பது முத்தழகுக்கு எப்படித்தான் தெரிந்ததோ. குடைச் சின்னக் கட்சியின் வட்டச் செயலாளர், ஊர்ச் சேதி எல்லாம் அவனுக்குத் தெரியாமல் எங்கே போகும். நேற்றுச் சாயங்காலம் செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் நின்றுகொண்டே கேட்டான், “அண்ணாச்சி தூங்குறாகளா மதினி?” கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள், கண் மூடியிருந்தது, மூச்சு ஒரே சீராக வந்தது, தூங்குறாக என்றாள். அவன் கெட்டவன் இல்லை. அவன் கல்யாணத்துக்கு மைக்செட் இவர்தான், காசு வாங்கவில்லை, அதை அவன் மறக்கவும் இல்லை. இவர் விழுந்த அன்றைக்குக் காரை எடுத்துக்கொண்டு மதுரை வரை வந்தவனும் அவன்தான், ஆஸ்பத்திரி வராந்தாவில் டீ வாங்கிக்கொடுத்து, குடிங்க மதினி, குடிங்க என்று நின்றவன். அதனால்தான் அவன் சொன்னதைத் தள்ளவும் முடியவில்லை, கொள்ளவும் முடியவில்லை. “ஆபரேசனுக்குக் காப்பீட்டு அப்ரூவல் இன்னும் வரலேல்ல? எம்.எல்.ஏ. லெட்டர் ஒண்ணு போனா நகரும் மதினி. நான் கேட்டுட்டேன். வாங்கித் தாரேன். ஆனா அங்க கேப்பாக, அந்த வீடு நம்ம வீடான்னு. இந்த வார்டுல வீட்டு ஓட்டு கொஞ்சந்தான், ஒவ்வொண்ணுக்கும் நான் பதில் சொல்லணும். நீங்கதானே போடப்போறீக? குடையில ஒரு டிக். அண்ணாச்சிக்கே நல்லதுக்குத்தானே. யாருக்குத் தெரியப்போகுது?” அவள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். சரி தம்பி என்று சொன்னாள். அந்த இரண்டு வார்த்தை வாயிலிருந்து எப்படி வந்தது என்று ராத்திரியிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறாள். யாருக்குத் தெரியப்போகுது என்று அவன் கேட்டது மட்டும் காதிலேயே உட்கார்ந்திருக்கிறது.

யாருக்குத் தெரியப்போகுது, நிஜம்தான். கழுத்து ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பது யாருக்குத் தெரிந்தது. வெளியே ஒன்றும் இல்லை, தோல் அதே தோல், மச்சம் அதே மச்சம், சவரம் செய்யும்போது அவள் விரல் தினமும் அந்த இடத்தில் போய் நிற்கும், உள்ளே துடிக்கும். டாக்டர் படம் வரைந்து காட்டினார், இவ்வளவுதான் வழி இருக்கிறது அம்மா, இதைத் திறந்துவிடாவிட்டால் வாதம் இன்னொரு தடவை வரும் என்றார். இன்னொரு தடவை வந்தால் என்று அவள் கேட்டாள், அவர் பேனாவை மூடினார், பதில் அதுதான். அதிலிருந்து ராத்திரியில் மூச்சுக் கொஞ்சம் மாறினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள். தலையணையை ஏற்றுகிறாள், இறக்குகிறாள், என்னங்க என்கிறாள், அவர் கண்ணைத் திறந்து, என்ன இப்போ என்கிற மாதிரி பார்ப்பார், அந்த எரிச்சல் பார்வையைக் கண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் ஒரு பெண், நல்ல பெண், அக்கா அக்கா என்றுதான் பேசினாள், கார்டு செல்லும்க்கா, ஆனா இந்த சிகிச்சைக்கு மேலேருந்து அப்ரூவல் வரணும், இல்லைன்னா கையில கட்டிட்டுப் பண்ணிக்கலாம் என்றாள். கையில கட்டி. கையில் இருந்ததெல்லாம் முதல் தடவையிலேயே போய்விட்டது. ஆம்ப்ளிஃபயர்கள் போயின, பெரிய பாக்ஸ்கள் போயின, ஜெனரேட்டர் போயிற்று, கடைசியாகப் புனல் ஸ்பீக்கர்களை ஒருவன் சைக்கிள் ரிக்சாவில் அடுக்கிக் கொண்டுபோனான், இவர் கட்டிலில் இருந்தபடியே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. அவள்தான் அழுதாள், அடுப்படிக்குள் போய். ஒரே ஒரு மைக்கை மட்டும் அவள் கொடுக்கவில்லை, தலையில் கம்பி வலை நசுங்கிய பழைய மைக், கட்டிலுக்கு அடியில் துணிப்பையில் கிடக்கிறது. அதற்கு எவனும் காசு தரமாட்டான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், தருவேன் என்று சொன்னாலும் கொடுத்திருக்கமாட்டாள்.

ஒரு ஓட்டில் என்ன கிடக்கிறது. அதையும் எவனும் காசு தராத அந்த மைக் மாதிரி நினைத்துக்கொண்டால் போயிற்று. ஆனால் இந்த வீட்டில் ஓட்டு என்பது வேறு சமாச்சாரம். கல்யாணமாகி வந்த புதிதில் முதல் தேர்தல், இரண்டு பேரும் சேர்ந்துபோய்ப் போட்டுவிட்டு, விரல் மை காய்வதற்குள் திரும்பி வரும்போது கேட்டாள், யாருக்குப் போட்டீங்க. புதுப் பெண்டாட்டி, சும்மா பேச்சுக் கொடுப்பதற்காகத்தான் கேட்டாள். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார். “ரத்தினா, குடைக்காரன் கூட்டத்துக்கும் நான்தான் மைக் கட்டுதேன், சங்குக்காரன் கூட்டத்துக்கும் நான்தான் கட்டுதேன். நான் யாருக்குப் போட்டேன்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்சாலும் இன்னொருத்தன் மேடையில மைக்கு அவிஞ்சா நான்தான் அவிச்சேன்னு சொல்லுவான். அதனால நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். உன்கிட்டயும் சொல்ல மாட்டேன். நீயும் என்கிட்ட சொல்லாத.” அவளுக்குக் கோபம் வந்தது, பெண்டாட்டியிடம் கூடவா, ஒரு வாரம் குழம்பில் உப்பைக் குறைத்துப் போட்டாள். அப்புறம் பழகிவிட்டது. பழகினதும் அது பிடித்தும் போயிற்று. எந்த வீட்டில் புருசன் பெண்டாட்டியிடம் நீ இன்னாருக்குப் போடு என்று சொல்லாமல் இருக்கிறான், பக்கத்து வீட்டுக்காரி கேட்டு ஆச்சரியப்பட்டாள். ஒரே சோற்றுப் பானை, ஒரே பாய், ஆனால் அந்த ஒரு நாளைக்கு மட்டும் அவருக்கொரு கதவு, இவளுக்கொரு கதவு. கட்சிக்காரர்கள் வந்து நோண்டுவார்கள், பெருமாளு, நீ யாரு ஆளு என்று. என் ஓட்டு மைக்குக்கு என்பார். சிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆனாலும் அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. சங்குக்காரர்கள் கூட்டம் முடிந்து வந்த இரவுகளில் வயரைச் சுற்றும்போது வாய்க்குள் ஏதாவது முணுமுணுப்பார். குடைக்காரர்கள் கூட்டம் முடிந்து வந்தால் முணுமுணுப்பு இருக்காது. இது போதுமா ஒரு மனுசனின் மனசைச் சொல்ல. ஒருவேளை சங்குக்காரர்கள் சாப்பாடு நன்றாகப் போட்டிருப்பார்கள். சாவு வீட்டுச் சாமானைச் சின்னமா வச்சிருக்கானுக என்று அவள் கேலி செய்வாள், அவர் பதிலே சொல்லமாட்டார். இப்போது அந்தக் கேலி ஞாபகம் வந்தது, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள், சாவு என்ற சொல்லை இந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நினைக்கக்கூட வேண்டாம் என்று.

தெரு மறுபடி அமைதியானது. அவருக்குச் சட்டை மாற்ற வேண்டும், ஓட்டுப் போடுகிற நாளில் வெள்ளைச் சட்டைதான், அது அவர் பழக்கம், நாலு பேர் பார்க்கிற இடம் என்பார். இன்றைக்கும் இடது கையால் அலமாரியைக் காட்டினார். செத்த கையை முதலில் நுழைக்க வேண்டும், அப்புறம் உயிருள்ள கை, ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லிக்கொடுத்தது. அந்தக் கை கனக்கும். கம்பத்தில் ஏறி ஸ்பீக்கர் கட்டின கை. பொங்கல் கூட்டம், பொதுக்கூட்டம், எதற்கு மைக் கட்டினாலும் கடைசியில் தட்டிப் பார்ப்பார், இரண்டு தட்டு, டொக் டொக், ஊரில் மற்றவனெல்லாம் ஒன், டூ, த்ரீ என்பான், இவர் மட்டும், ரத்தினா, கேக்குதா, என்பார். ஊர் முழுக்கக் கேட்கும். மார்க்கெட்டில் கேட்கும், பஸ் ஸ்டாண்டில் கேட்கும். வெட்கத்தில் செத்துப்போவாள். வீட்டுக்கு வந்ததும் சண்டை பிடிப்பாள், ஊருக்கெல்லாம் என் பேரை ஏலம் விடுறீங்களே, மானம் போகுது என்று. “உன் பேருல ரவும் இருக்கு, தவும் இருக்கு, னவும் இருக்கு, ட்ரெபிள் பாஸ் எல்லாம் சரியாத் தெரிஞ்சிரும்” என்பார், தொழில் ரகசியம் சொல்கிற முகத்தோடு. பொய். அவளுக்குத் தெரியும் பொய் என்று. சாயங்காலம் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது தூரத்திலிருந்து டொக் டொக் வரும், ரத்தினா, கேக்குதா, வரும், அவள் தோசையைத் திருப்பிக்கொண்டே வாய்க்குள் கேக்குது கேக்குது என்பாள், அவருக்கு எப்படிக் கேட்கும், கேட்காது, ஆனாலும் சொல்லாமல் இருந்ததில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவர் வாயில் அந்தப் பேர் வரவில்லை. ர என்று தொடங்கும், நாக்கு புரளும், நின்றுவிடும். அவர் முகம் சிவக்கும். விடுங்க, நான் இங்கதானே இருக்கேன், எதுக்குக் கூப்பிடணும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். பொத்தானைப் போட்டு, காலரைச் சரிசெய்து, சிரிக்கிற பக்கக் கன்னத்தில் பவுடரைக் கொஞ்சம் அழுத்தித் தடவினாள்.

சரி, அவரிடம் கேட்டுவிடலாமே. கேட்டுவிட்டு, அவர் யாரைக் காட்டினாலும் குடைக்காரருக்கு டிக் போட்டுவிடலாமே. சீட்டைத் தள்ளிப் பிடித்தால் அவர் கண் அவ்வளவு தூரம் பார்க்காது, பேனா நகர்வது தெரியும், எந்தக் கட்டம் என்று தெரியாது. என் ஓட்டைக் குடைக்கே கொடுத்துவிடுகிறேன், அது என் இஷ்டம், அதில் தப்பில்லை, என் ஓட்டை நான் எதற்காக வேண்டுமானாலும் போடுவேன், புருசன் உயிருக்காகப் போட்டால் எந்தச் சாமி கோபித்துக்கொள்ளும். ஆனால் அது முத்தழகுக்குப் போதாது. அவனுக்கு வேண்டியது கட்டிலில் இருக்கிற ஓட்டு. இவர் உயிருக்காக இவர் ஓட்டு, அதுவும் இவருக்கே தெரியாமல். தெரியாமல் எத்தனை செய்யவில்லை, மாத்திரையை இட்லிக்குள் வைத்துத் தெரியாமல் கொடுக்கிறாள், கரண்ட் பில் கட்டாததைத் தெரியாமல் வைத்திருக்கிறாள், ஆம்ப்ளிஃபயர் விலையைக் கூட்டிச் சொல்லியிருக்கிறாள், அதையெல்லாம் மனசு எளிதாக ஏற்றுக்கொண்டது, இதை மட்டும் ஏன் ஏற்கமாட்டேன் என்கிறது. அவர் சாகாமல் இருந்தால் போதும் எனக்கு. சொல்லிவிட்டாள், மனசுக்குள் சத்தமாகவே சொல்லிவிட்டாள், அவர் இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் ஆளட்டும். சொன்ன பிறகு கொஞ்சம் லேசானது. லேசானதும் பயம் வந்தது, எதிர்வீட்டுக்காரி சொல்கிறாளே, வீடியோ எடுக்கிறார்களாம், யார் யாருக்குப் போட்டார்கள் என்று கம்ப்யூட்டரில் தெரிந்துவிடுமாம் என்று. தெரிந்தால் நல்லதுதானே, முத்தழகு நம்புவான். தெரிந்தால் கெட்டதுதானே, இவருக்கும் தெரிந்துவிடும். அவர் கண்ணைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார், வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். “என்ன?” என்றாள். ஒன்றுமில்லை என்று தலையை அசைத்தார்.

வாசலில் ஜீப் நின்றது. ஒரு டீச்சரம்மா, இன்னொரு ஆபீசர், ஒரு போலீஸ்காரர், வீடியோ எடுக்கிற பையன். அவர்களுக்குப் பின்னால் கட்சி ஏஜெண்டுகள், அதில் முத்தழகு, சட்டைப் பையில் அடையாள அட்டை, அவளைத் தெரியாதவன் மாதிரி நின்றான், அது அவனுக்குச் சரியாக வரவில்லை, மதினி வீட்டு வேப்பமரத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோல் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். ஏஜெண்டுகள் வாசலோடு நின்றுவிட்டார்கள். டீச்சரம்மா ஃபேன் காற்றுக்கு நேராக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார், எத்தனையோ வீடு ஏறி இறங்கிய களைப்பு, ஆனாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்ததும் குனிந்து, “வணக்கம் ஐயா, நான் வீட்டு ஓட்டு வாங்க வந்திருக்கேன், உங்க சம்மதத்தோட ஆரம்பிக்கலாமா?” என்று அவரிடமே கேட்டார். அவளிடம் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில், பேங்கில், எங்கே போனாலும் எல்லோரும் அவர் தலைக்கு மேலாக அவளிடம்தான் பேசுவார்கள், சாப்பிட்டாரா, வெளிக்குப் போனாரா, கையெழுத்துப் போடுவாரா என்று, கட்டிலில் கிடப்பவர் ஏதோ பார்சல் என்பதுபோல். இந்த அம்மா அவரிடமே கேட்டதும் அவர் தலையைக் கொஞ்சம் தூக்கினார், இடது கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய் வைத்தார், பாதி வணக்கம். ரத்தினாவதிக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்கத் தண்ணீர் கொண்டுவரப் போனாள். திரும்பி வந்தபோது மடக்கின அட்டையை விரித்து, கட்டில் மேல் மூன்று பக்கமும் மறைப்பாக நிறுத்திக்கொண்டிருந்தார்கள். அவளிடம் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். வாக்காளர் சொன்னபடியே குறியிடுவேன், யாருக்கு என்பதை வெளியே சொல்லமாட்டேன், அவ்வளவுதான் அதில் இருந்தது. “வீடியோவுல யாருக்குப் போட்டாகன்னு தெரியுமா மேடம்?” என்று கேட்டாள். “அட்டைக்குள்ள யாரும் எடுக்க மாட்டாங்கம்மா. நான்கூடப் பார்க்க முடியாது. உள்ள நீங்க ரெண்டு பேர் மட்டுந்தான்.” நீங்கள் இரண்டு பேர் மட்டும்தான். கையெழுத்துப் போட்டாள்.

அட்டைக்குள் வெளிச்சம் பழுப்பாக இருந்தது, புது அட்டை வாசனையும் அவர் மேலிருந்து பவுடர் வாசனையும். சீட்டைப் பலகையில் வைத்துப் பிடித்தாள், பேர்கள் வரிசையாக, பேருக்கு எதிரே கட்டங்கள். இடது கையைத் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துவிட்டு, “சொல்லுங்க” என்றாள், சொல்லுங்க என்ற சொல் அவளுக்கே கொடுமையாகப் பட்டது, “காட்டுங்க” என்று மாற்றினாள். விரல் சீட்டின் மேல் நகர்ந்தது. அவள் மனசு சங்குக்காரர் பேருக்குப் போய் முன்கூட்டியே காத்துநின்றது. விரல் அதைத் தாண்டியது. குடைக்காரர் பேரில் போய் நின்றது, அழுத்தி நின்றது. அவளுக்கு முதலில் வந்தது சந்தோசம்தான், அதை மறைத்து என்ன பயன், வயிறு குளிர்ந்துபோனது, அப்படியென்றால் இத்தனை வருசம் குடைக்காரர்தானா, நான்தான் தப்பாக நினைத்தேனா, பாவமும் இல்லை பொய்யும் இல்லை, லெட்டரும் வந்துவிடும், கழுத்தும் திறந்துவிடும். பேனாவைக் கட்டத்துக்குக் கொண்டுபோனாள். கொண்டுபோகும்போது அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் சீட்டைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ராத்திரியில் அவள் பதறி எழுந்து உட்கார்ந்தால் பார்க்கிற எரிச்சல் பார்வை இல்லை, வேறு பார்வை, சரி போடு, பரவாயில்லை, எனக்குத் தெரியும் என்கிற பார்வை. பேனா நின்றுவிட்டது. காதுதான் போகவில்லையே இவருக்கு. “நேத்து முத்தழகு வந்தப்போ முழிச்சிருந்தீங்களா?” என்று கிசுகிசுத்தாள். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார். ஆமாம் என்றால் அப்படித்தான். “எனக்காகவா இது?” மறுபடி மூடித் திறந்தார், விரல் அந்தப் பேரை விட்டு நகரவில்லை, போடு என்று இரண்டு தடவை அழுத்தினார்.

போட்டுவிடலாம். அவரே காட்டிவிட்டார், காகிதத்தில் எழுதியிருப்பது அதுதானே, வாக்காளர் சொன்னபடி. சட்டம் சரி, சாமி சரி, முத்தழகு சரி, எல்லாம் சரி. பேனா முனைக்கும் கட்டத்துக்கும் ஒரு நூல்தான் இடைவெளி. அந்த நூல் இடைவெளியில் அவளுக்கு எல்லாம் வந்து நின்றது, ரிக்சாவில் போன புனல் ஸ்பீக்கர்கள், ஜன்னலில் அவர் முகம், சைக்கிளை நிறுத்திவிட்டு உன்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்றது, எத்தனை பேர் நோண்டியும் என் ஓட்டு மைக்குக்கு என்று சிரித்தது. பேச்சைக் கொடுத்துவிட்டார், கையைக் கொடுத்துவிட்டார், கடையைக் கொடுத்துவிட்டார், யாருக்கும் கொடுக்காத ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது, அதையும் என் பயத்தைப் பார்த்துவிட்டு எடுத்து நீட்டுகிறாரே. நான் திருடலாமா என்று ராத்திரி முழுக்க யோசித்தேன், இவர் படுத்துக்கொண்டே அதைத் தானமாகக் கொடுக்க யோசித்திருக்கிறார். கோபம் வந்தது, அவர் மேல் வந்தது, தன் மேல் வந்தது, கோபத்தை விட மேலாக அவரை அப்படியே கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது, ஆனால் அட்டைக்கு வெளியே போலீஸ்காரர் நிற்கிறார். பேனாவை எடுத்து அவர் இடது கை விரல்களுக்குள் செருகினாள், நழுவியது, மறுபடி செருகினாள், விரல்களை மடக்கிவிட்டாள். “நீங்களே போடுங்க. யாருக்கு வேணா போடுங்க. குடைக்கே வேணும்னாலும் போடுங்க. எனக்காகப் போடாதீங்க, அவ்வளவுதான். நான் பாக்க மாட்டேன்.” பலகையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு முகத்தை அட்டைப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கண்ணையும் மூடிக்கொண்டாள். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. “முடிஞ்சுதாம்மா?” என்றார் டீச்சரம்மா வெளியிலிருந்து. “கொஞ்சம் பொறுங்க மேடம், அவுகளே போடுதாக” என்றாள். அப்போது பலகையில், அவள் உள்ளங்கைக்கு அடியில், பேனாவின் பின்பக்கம் தட்டியது. டொக் டொக். எத்தனை மேடையில் தட்டிய தட்டு, அதே இடைவெளி, அதே அவசரமில்லாத கை, இடது கை என்றால் என்ன, தட்டு அதேதான். அதற்கப்புறம் பேனா இழுக்கிற அதிர்வு, கோணலாக, நின்று நின்று. எந்த இடத்தில் இழுக்கிறார் என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும் போல இருந்தது, மேலேயா கீழேயா என்று. அவள் கையை அந்த இடத்திலிருந்து எடுத்து, பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

சீட்டைக் கவிழ்த்து அவளிடம் தள்ளினார், பார்க்காமலே மடித்தாள், கவருக்குள் கவர் போட்டு ஒட்டினார்கள். கோடு கட்டத்துக்கு வெளியே போயிருந்தால் செல்லாத ஓட்டாகக்கூடப் போகலாம், போனால் போகிறது, அதுவும் அவருடையதுதான். ஜீப் கிளம்பியதும் முத்தழகு மட்டும் பின்தங்கினான். “ஆச்சா மதினி?” “ஆச்சு தம்பி. அவுகளே போட்டாக.” அவன் முகம் மாறியது. “அவுகளேவா? நீங்க பாத்தீகள்ல?” “பாக்கல. இந்த வீட்டுல நாங்க பாக்குறதில்ல.” அவன் மறுபடி வேப்பமரத்தைப் பார்த்தான். “லெட்டரு…” என்று இழுத்தான். “குடுத்தீங்கன்னா சந்தோசம் தம்பி. கூட வந்து காரோட்டின கையி, உன்ன நான் மறக்க மாட்டேன். குடுக்க முடியலேன்னாலும் எலெக்சன் முடிஞ்சதும் திங்கக்கிழம கலெக்டராபீசுல மனு நாளு வரும், நான் போய் நிப்பேன். அப்ரூவல் வார வரைக்கும் நிப்பேன்” என்றாள். சொல்லிவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போனான், கோபமா வருத்தமா தெரியவில்லை. உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். பயம் எங்கேயும் போய்விடவில்லை, அடுப்படியில் கூடவே நின்றுகொண்டிருந்தது, ராத்திரி மூச்சு மாறினால் மறுபடி எழுந்து உட்காரத்தான் வேண்டும். தெருவில் இன்னொரு ஆட்டோ, ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க என்று கத்திக்கொண்டே போனது. அது போய்ச் சத்தம் அடங்கிய பிறகு கட்டில் இரும்புக் கம்பியில் விரல் கணு தட்டுவது கேட்டது. டொக் டொக். கொஞ்சம் விட்டு மறுபடி, டொக் டொக். ரத்தினாவதி கரண்டியை வைத்துவிட்டு, இத்தனை வருசம் வாய்க்குள்ளேயே சொன்னதை, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

“கேக்குதுங்க.”